குவாண்டம் பின்னாலும் மனித உறவுகளும்

ஃபிளெக்ஸ் போர்டில் ஒரு துணைக்கால் கூடிப்போயிருந்தது. ‘குவாண்டம் பின்னலும் மனித உறவுகளும்’ என்று இருந்திருக்க வேண்டும். ‘குவாண்டம் பின்னாலும் மனித உறவுகளும்’ என்று மேடையின் அகலம் முழுக்க விரிந்து கிடந்தது. குவாண்டத்துக்குப் பின்னால் மனித உறவுகள் என்றால் முன்னால் யார் போகிறார்கள் என்று கேட்க அவ்வளவு பெரிய அரங்கத்தில் ஒரு ஆள் இல்லை. தில்லைநாயகம் காலையிலேயே பார்த்துவிட்டார். இயற்பியல் துறைத் தலைவர் அவர். விழா அவருடைய துறை நடத்தும் விழா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடைக்காரன் வந்து மாற்றிக் கொடுத்திருப்பான். சொல்லவில்லை. நடக்கப்போகிற கூத்துக்கு இதுதான் பொருத்தம் என்று விட்டுவிட்டார். இப்போது மேடையின் கடைசி நாற்காலியில், ஜரிகை கழுத்தை அறுக்கும் சால்வையோடு, நன்றியுரைக்கான முறை வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார். முன்னால் சிறப்பு விருந்தினர் சுடர்மணிவண்ணன் கையில்லாத கோட்டும் காதோர மைக்குமாக இங்கும் அங்கும் நடந்து பேசிக்கொண்டிருந்தான். வாழ்வியல் விஞ்ஞானியாம். எந்த ஆய்வகத்தில் வாழ்வியலைக் குடுவையில் ஊற்றிச் சூடாக்கினான் என்று தெரியவில்லை. தாளாளரின் சம்பந்தி வழியில் ஏதோ உறவு, அதனால் வந்திருந்தான். நல்ல குரல்தான், பாத்திரக் கடை திறப்புவிழாவுக்குக் கூப்பிடலாம். “ஒரே இடத்துல பொறந்த ரெண்டு துகள். ஒண்ணைக் கொண்டுபோய் நிலாவுல வைங்க. இங்க இருக்கிறதைக் கிள்ளுனா, அங்க இருக்கிறது அழும்!” என்றான். பையன்கள் கை தட்டினார்கள். துகள் அழுமாம். தில்லைநாயகத்துக்கு வாயில் புளிப்பு ஊறியது. பக்கத்தில் பிரின்சிபால் ஆரோக்கியராஜ் தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். விலங்கியல் படித்த மனுஷர், கிள்ளினால் அழுவது அவருக்குப் புரியும்.

கிள்ளினால் அழாது. கிள்ளுவதே கிடையாது, அளப்பதுதான் உண்டு. அளந்தால் ஒரு விடை கிடைக்கும், ஆமென்றோ இல்லையென்றோ. அவ்வளவுதான். இதைச் சொல்ல முப்பது விநாடி போதும். அவன் முக்கால் மணி நேரமாகப் பேசுகிறான். அமெரிக்காவில் மகனுக்கு விபத்து, இங்கே திருமங்கலத்தில் தாயின் வலது கண் துடித்தது, அதுதான் குவாண்டம் என்கிறான். ஊரில் எத்தனை தாய்க்கு எத்தனை தடவை கண் துடித்து, மகன் சௌகரியமாகப் பீட்ஸா தின்றுகொண்டிருந்தான் என்கிற கணக்கை எவன் எடுத்தான்? துடித்த கண்ணை மட்டும் சொல்வார்கள். துடிக்காத கண்ணை எவனும் மேடையேற்றுவதில்லை. உலகம்மை மதினி மாதிரி. அவர் மனைவி கோமதியின் அக்காள். கோமதி போன மூன்றாம் நாள், வீடு நிறையச் சொந்தக்காரர்கள் பாய் விரித்துக் கிடக்கையில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவரைக் கேட்டாள்: “எனக்கு மெட்ராஸ்ல கையில இருந்த பால்சட்டி நழுவிட்டு தம்பி. அந்த நேரமேதான். நெஞ்சு திக்குன்னுச்சு. உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?” உலகம்மையின் கையிலிருந்து நழுவாத பாத்திரம் எது? கல்யாணமான புதிதில் அவருக்கு வைத்த பாயசத்தையே மடியில் கொட்டியவள். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை முகமும் அவர் பக்கம் திரும்பியது. தோன்றவில்லை என்று சொன்னார். யாரும் மேலே பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருநெல்வேலியில் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தியில் உட்கார்ந்து, இலையில் சாம்பார் ஊற்றும் முன்பே கோமதி பக்கத்துப் பெண்ணின் தோளில் சாய்ந்திருக்கிறாள். தூக்கம் என்று நினைத்திருக்கிறார்கள். அந்த மத்தியானம் தில்லைநாயகம் இதே கல்லூரியில் இருந்தார். இருந்தார், அவ்வளவுதான். எங்கே, என்ன செய்துகொண்டு என்று நினைவு அந்த அறைக் கதவு வரை போகும், கைப்பிடியில் கை வைக்கும், திரும்பிவிடும். இப்போதும் திரும்பியது. சால்வை அரித்தது. மேடைக்கு மேலே மின்விசிறி ஒன்று சுற்றாமல் ஆடிக்கொண்டிருந்தது. பராமரிப்புக்கு என்று தனி ஆள் வைத்திருக்கிறார்கள், அவன் மேலாளரின் மைத்துனன், அவனுக்குத் திருப்புளி எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது.

“ரெண்டு கையுறை இருக்குன்னு வைங்க,” என்றான் சுடர்மணிவண்ணன். தில்லைநாயகம் நிமிர்ந்தார். கையுறைக்கு வந்துவிட்டானே. வலதையும் இடதையும் தனித்தனிப் பெட்டியில் போட்டு, ஒன்றை மதுரைக்கும் ஒன்றை டெல்லிக்கும் அனுப்பு. மதுரைப் பெட்டியைத் திறந்து இடது என்று பார்த்தால், டெல்லியில் இருப்பது வலது என்று அந்தக் கணமே தெரிந்துவிடும். எதுவும் பறந்து போகவில்லை, தெரிந்துகொண்டது நாம், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமாக அவரும் இதைத்தான் வகுப்பில் சொல்லிவருகிறார். சொல்லும்போதெல்லாம் உள்ளே ஏதோ இடறும். இது இவ்வளவு லேசான சமாசாரம் என்றால் உலகத்துப் பெரிய மூளைகள் ஏன் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்? அந்த இடறலை அவர் மதித்ததில்லை. சிலபஸ் முடிக்கிற அவசரம். புரியாததைப் புரிந்த மாதிரி சொல்வதில் அவருக்கும் காதோர மைக்காரனுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? இவனிடம் கோட் இருக்கிறது. போன கோடை விடுமுறையில், கோமதி இல்லாத முதல் கோடையில், சாப்பாட்டு மேசையில் பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பரீட்சை ஹாலாக யோசித்தார், அவருக்கு வேறு என்ன தெரியும்? இரண்டு பையன்கள், தனித்தனி ஹால், நடுவே பேச்சுக்கு வழியில்லை. மூன்றே கேள்விகள். ஆளுக்கு ஏதோ ஒரு கேள்வி வரும். ஆம் அல்லது இல்லை என்று எழுத வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே கேள்வி வந்தால் ஒரே பதில், ஒரு தடவைகூடத் தப்புவதில்லை. எந்த மேற்பார்வையாளனும் என்ன நினைப்பான்? திருட்டுப் பயல்கள் முன்கூட்டியே பேசிவைத்து மனப்பாடம் பண்ணி வந்திருக்கிறார்கள் என்றுதானே? அதுதான் கையுறை. சரி, மனப்பாடம் என்றே வைத்துக்கொள். மூன்று கேள்விக்கு, இருப்பதோ இரண்டே பதில். அப்படியானால் ஏதோ இரண்டு கேள்விக்காவது பதில் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும். ஆகவே ஆளுக்கொரு வேறு கேள்வி வரும்போதும், மூன்று தடவைக்கு ஒரு தடவையாவது பதில்கள் ஒத்துப்போக வேண்டும். அதற்குக் கீழே இறங்க முடியாது. துகள்கள் இறங்குகின்றன. நான்குக்கு ஒரு தடவைதான் ஒத்துப்போகின்றன. அளந்து பார்த்திருக்கிறார்கள், திரும்பத் திரும்ப அளந்திருக்கிறார்கள். அப்படியென்றால் அவை எதையும் மனப்பாடம் செய்து வரவில்லை. பெட்டியைத் திறக்கும் வரை அது இடதும் இல்லை வலதும் இல்லை. பேனா கையிலிருந்து உருண்டது. எழுந்து அடுப்படிப் பக்கம் திரும்பி வாயைத் திறந்துவிட்டார். யாரைக் கூப்பிட? அவள் இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பாள்? ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, “அப்படியா? சரி, தோசை ஆறுது,” என்றிருப்பாள். இயற்பியலை அவள் கால்காசுக்கு மதித்ததில்லை. அந்த மாதிரி மதிக்காமல் இருக்க ஒரு ஆள் வீட்டில் வேண்டியிருந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. உட்கார்ந்து தனியாகவே தோசை வார்த்துத் தின்றார். தோசை வட்டமாகக்கூட வரவில்லை.

மூன்றாவது வரிசையில் பிருந்தா உட்கார்ந்திருந்தாள். அவருடைய மகள். இதே கல்லூரியில் பி.காம். கடைசி வருஷம். துறைக்குச் சம்பந்தமில்லாத மாணவிகளையும் அரங்கம் நிரப்ப ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், சந்தைக்கு மாடு ஓட்டுவது போல. தோழிகள் இரண்டு பேர் நடுவில், மடியில் பையை அணைத்துக்கொண்டு, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் பளபளத்தது. முதலில் விளக்கு வெளிச்சம் என்று நினைத்தார். துப்பட்டாவால் துடைத்தாள். அழுகிறாள். அம்மாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோது அழாதவள். பதினாறாம் நாள் பந்தியில் ஊறுகாய் வைத்துக்கொண்டு நடந்தவள். அதற்குப் பிறகு வீட்டில் அவரோடு பேசுவது எல்லாம் கேஸ் புக் பண்ணியாச்சா, சாவி எங்கே, தண்ணி வந்துச்சா. அவள் இந்தக் களவாணியின் பேச்சுக்கு அழுகிறாள். துகள் அழும் என்றால் அழுகிறாள்! தில்லைநாயகத்துக்குக் காது மடல் சுட்டது. இருபது வருஷம் ஒரு இயற்பியல்காரன் வீட்டில் தின்று வளர்ந்து இவ்வளவுதானா? பிறகு அந்தக் கோபத்துக்கு அடியிலிருந்து வேறொன்று எட்டிப் பார்த்தது. அவள் எதற்கு அழுகிறாள் என்று அவருக்குத் தெரியும். மூன்றாம் நாள் உலகம்மை கேட்டபோது நடைவாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்றவள் இவள். அப்பா ‘தோணலை’ என்று சொன்னதைக் கேட்டவள். குடத்தை இறக்கி வைக்காமல் அப்படியே நின்றாள். அந்தப் பார்வையை அன்றிலிருந்து அவர் சாவிக்கும் கேஸுக்கும் நடுவில் சுமந்துகொண்டிருக்கிறார். இந்தப் பயல் இப்போது அதற்கு விஞ்ஞானச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறான். உண்மையான அன்பு என்றால் செய்தி வந்து சேரும். உனக்குச் சேரவில்லையா? அப்ப நீ என்ன புருஷன்? இவன் எப்போது முடிப்பான்? முடித்தான். அரங்கம் எழுந்து நின்று தட்டியது. எழுந்து நிற்பதற்கு ஒரு சாக்குக் கிடைத்ததே என்று தட்டியிருப்பார்கள்.

“கேள்விகள் இருந்தால் கேட்கலாம்,” என்று பிரின்சிபால் அறிவித்தார். இந்தக் கல்லூரியில் எவனும் கேள்வி கேட்டதில்லை. தில்லைநாயகம் நன்றியுரைத் தாளை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டார். மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

பிருந்தா எழுந்து மைக்கை வாங்கினாள்.

“சார், ஒருத்தங்க இறந்துபோறாங்க. அவங்க மேல ரொம்பப் பிரியமா இருந்த ஒருத்தருக்கு, அந்த நேரத்துல ஒண்ணுமே தோணலை. எப்பவும் போலத்தான் இருந்தாங்க. அப்படின்னா அவங்களுக்குள்ள பின்னல் இல்லைன்னு அர்த்தமா சார்?”

தில்லைநாயகத்தின் கை சட்டைப்பைக்குள்ளேயே நின்றுவிட்டது. பிரின்சிபால் அவர் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்குக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார் என்பது கழுத்தில் தெரிந்தது. வணிகவியல், வேதியியல், தமிழ் என்று முதல் வரிசையில் இருந்த அத்தனை துறைத் தலைவர்களும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். கோமதியின் காரியத்துக்கு வந்து சாப்பிட்டவர்கள்தான் எல்லாரும்.

சுடர்மணிவண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். மார்பில் கை வைத்தான். இருபதாயிரம் மேடையில் வைத்த அதே கை. “பின்னல் இருக்கும்மா. செய்தியும் வந்திருக்கும். ஆனா அவங்க மனசு மூடிக் கிடந்திருக்கும். கதவு மூடியிருந்தா தபால்காரர் என்ன பண்ணுவார்? அவங்களைக் கோபிக்காதே. பரிதாபப்படு.”

பரிதாபப்படு! அரங்கம் தட்டியது. பிருந்தா உட்காரவில்லை. மைக்கைப் பிடித்தபடி இன்னும் ஏதோ சொல்ல வருவது போல நின்றாள். தோழி கையைப் பிடித்து இழுத்ததும் உட்கார்ந்தாள். நன்றியுரை என்று பெயர் சொல்லி அழைத்தார்கள். அவருக்கு எழுந்தது தெரியவில்லை, மேடை நடுவில் நின்றது தெரிந்தது. தாளில் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. தாளாளர் அவர்களே, முதல்வர் அவர்களே, ஒலி ஒளி அமைத்தவர்களே. வாசித்தார். ஃபிளெக்ஸ் அடித்த கடைக்குக்கூட நன்றி சொன்னார். சிறப்பு விருந்தினரின் பெயர் வந்த இடத்தில் தாளை மடித்தார். மூட்டை மூட்டையாக வைத்திருந்தார், கண் துடிப்பது, துகளைக் கிள்ளுவது, எல்லாவற்றையும் உரித்துக் காயப்போட முக்கால் மணி நேரமாகத் தயார் பண்ணியிருந்தார். ஒன்றும் வரவில்லை. பரீட்சை ஹால் இரண்டும்தான் வந்தன. இந்த ஹாலில் மட்டும் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்குத் தெரிவது என்ன? ஆம், இல்லை, இல்லை, ஆம், ஆம். காசு சுண்டிப் போட்ட மாதிரி. ஆயுள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் அந்த ஹாலில் என்ன கேள்வி கேட்டார்கள் என்று அவனுக்குத் தெரியப்போவதில்லை. இரண்டு விடைத்தாளையும் யாராவது சுமந்து வந்து ஒரே மேசையில் போட்டால்தான் தெரியும்.

“மாணவி ஒருத்தி கேட்ட கேள்விக்கு விருந்தினர் ஒரு பதில் சொன்னார்,” என்றார். “அந்தப் பதில் தப்பு.”

தாளாளர் நிமிர்ந்தார்.

“இந்தப் பின்னல் வழியா எந்தச் செய்தியும் போகாது. ஒரு கடுகளவும் போகாது. இந்த முனையில இருக்கிறவனுக்கு அந்த முனையில என்ன நடந்ததுன்னு தெரிய வழியே கிடையாது. மனசு திறந்திருந்தாலும் தெரியாது, மூடியிருந்தாலும் தெரியாது. யாராவது போன் பண்ணிச் சொன்னாத்தான் தெரியும். அதனால அந்த நேரத்துல ஒண்ணும் தோணலைன்னா அதுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. யாரும் யாரையும் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம். நன்றி, வணக்கம்.”

இதற்கும் தட்டினார்கள். அதே தட்டு, அதே அளவு. நாட்டுப்பண்ணுக்கு நிற்கையில் அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. என்ன செய்துவிட்டாய்? அவன் துகளைக் காட்டி மனுஷனைக் குற்றவாளி என்றான். நீ அதே துகளைக் காட்டி மனுஷனை விடுதலை பண்ணியிருக்கிறாய். எலக்ட்ரானுக்கு உள்ள சட்டம் கோமதிக்கும் உனக்கும் செல்லும் என்று உனக்கு எவன் சொன்னான்? ஒரு பித்தலாட்டக்காரனைப் பதில் பித்தலாட்டத்தால் அடித்தாய், அதுவும் பெற்ற மகளிடம் நல்ல பேர் வாங்க. பாட்டு முடிந்தது. சுடர்மணிவண்ணன் வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அருமையாப் பேசினீங்க சார், நான் சொன்னதையே வேற கோணத்துல சொல்லிட்டீங்க,” என்றான். அவனை அடிக்கவும் முடியாது.

வண்டி நிறுத்துமிடத்தில் வெயில் சாய்ந்தும் தகரக் கூரை இன்னும் அனல் கக்கிக்கொண்டிருந்தது. பிருந்தா அவருடைய ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வழக்கமாகக் கல்லூரி பஸ்ஸில் போகிறவள். தில்லைநாயகம் சாவியைத் தேடுகிற சாக்கில் எல்லாப் பைகளையும் தட்டிக்கொண்டார். வரட்டும், கேட்கட்டும். நூறு பேர் முன்னால் கேட்டுவிட்டாள், இனித் தனியாகக் கேட்க என்ன இருக்கிறது?

“அப்பா, நான் உங்களைப் பத்திக் கேட்டேன்னு நினைச்சீங்களா?”

“வேற யாரைப் பத்தி?”

அவள் செல்போனை எடுத்து எதையோ தேடினாள். விரல் நேராக அங்கேதான் போயிற்று, அடிக்கடி போகிற இடம் போல. அவரிடம் நீட்டினாள். ஒரு போட்டோ. வகுப்பறையில் யாரோ தோழியின் பெரிய மூக்குக் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, ஈறெல்லாம் தெரியச் சிரிக்கிறாள் பிருந்தா. கண் சுருங்கி, முகமே சிரிப்பாக.

“அன்னைக்கு எடுத்ததுப்பா. தேதி, நேரம் எல்லாம் போட்டிருக்கு பாருங்க. மண்டபத்துல அம்மா சாஞ்ச நேரம்.” அவள் குரல் சமமாகத்தான் இருந்தது. “பெரியம்மாவுக்குப் பால்சட்டி விழுந்துச்சாம். நான் இப்படிச் சிரிச்சுக்கிட்டிருந்திருக்கேன். அழிக்கவும் முடியலை. வச்சுக்கவும் முடியலை. நீங்க தோணலைன்னு சொன்னப்ப, எனக்கும்தான்னு சொல்ல வாயெடுத்தேன். அத்தனை பேர் இருந்தாங்க.”

தில்லைநாயகம் போட்டோவைப் பார்த்துக்கொண்டே நின்றார். குடத்தோடு நின்ற அந்தப் பார்வையை இத்தனை மாதமாக எவ்வளவு தப்பாக வாசித்திருக்கிறார். ஒரு பதிலை வைத்துக்கொண்டு கேள்வியைத் தானே எழுதிக்கொண்ட மடையன். உடனே உள்ளே ஒரு உவமை எழுந்தது, இரண்டு ஹால், ஒரு மேசை என்று பளபளவென்று. த்தூ, போ என்று அதை விரட்டினார். அவளும் அவரும் துகள் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே வியர்த்து நிற்கும் இரண்டு பேர்.

“நான் ஸ்டாஃப் ரூம்ல இருந்தேன்,” என்றார். கதவு இவ்வளவு லேசாகத் திறக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. “வெங்காய போண்டா. ரெண்டு தின்னுட்டு மூணாவதை எடுத்திருந்தேன். வணிகவியல் கந்தசாமி ஒரு ஜோக் சொன்னான். சிரிச்சுப் புரை ஏறிடுச்சு. தலையில தட்டுனாங்க. அப்புறம் கொஞ்ச நேரத்துலதான் போன் வந்தது.”

“என்ன ஜோக்?”

“அது எதுக்கு இப்ப?”

“சொல்லுங்கப்பா.”

“ஏதோ பரீட்சையில, வெற்றிடம் என்றால் என்ன, உதாரணம் தருகன்னு கேட்டிருக்கு. ஒரு பய எழுதியிருக்கான், எங்கள் பிரின்சிபாலின் தலைன்னு.”

பிருந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உதட்டின் ஒரு ஓரம் கீழே இழுபட்டது.

“இதுக்கா புரை ஏறச் சிரிச்சீங்க?”

அந்த இளக்காரம் சுத்தமாக அவருடையது, ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காதது. இயற்பியலை அப்படிப் பார்க்க ஒருத்தி இருந்தாள். இனி அவருடைய சிரிப்பை இப்படிப் பார்க்க ஒருத்தி இருக்கிறாள்.

“ஆமா,” என்றார் தில்லைநாயகம். “இதுக்குத்தான்.”

“மட்டமான ஜோக்குப்பா.”

“ரொம்ப மட்டம்.”

அவள் துப்பட்டாவை இழுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு பின் இருக்கையில் ஏறினாள். சாவி அவர் கையிலேயேதான் இருந்தது.